சில்லறைச் சாமான்

நீங்கள் ஒரு கார் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்பார் மாமனார். "ஏ.சி. நன்றாகக் குளிருகிறதா?" என்பாள் அத்தை. "எத்தனை விநாடியில் நூறைத் தொடும்?" என்பான் எதிர்வீட்டுப் பிள்ளை. இத்தனை பேரில் ஒருவராவது, "வண்டி ஒழுங்காக நிற்குமா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதும் நாம் சம்பளத்தைத்தான் கேட்கிறோம். கோபம் வந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரிந்த பையனா என்று யாரும் விசாரிப்பதில்லை. அது பிற்பாடு தெரிய வருகிற சமாசாரம்.

என்னிடம் இருப்பது பதினான்கு வயதான ஒரு வாகன் ஆர். எழுத்தாளன் வண்டிக்கு இது நடுத்தர வயது என்றுதான் சொல்ல வேண்டும். அது இதுவரை என்னைத் தெருவில் நிறுத்தி மானத்தை வாங்கியதில்லை. ஆனால் சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், பிரேக்கை அழுத்தும் போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் கேட்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

"எலி ஏதாவது புகுந்திருக்குமோ?" என்றாள் என் மனைவி.

எலி இல்லை. அந்தச் சத்தம் ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. முன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துகிற கட்டைகளுக்கு பேட் என்று பெயர். பேட்டின் மேலிருக்கும் உராயும் பொருள் தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், பக்கத்தில் பொருத்தியிருக்கும் ஒரு சின்ன எஃகுத் தகடு டிஸ்கைத் தொட்டுக் கத்தும். 'ஐயா, என் காலம் முடிகிறது, வேறு ஆளைப் பாருங்கள்' என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கிற உத்தியோகஸ்தன் அது. எல்லா பேட்களிலும் இந்தத் தகடு இருப்பதில்லை. அது இல்லாத பேட் நோட்டீஸ் கொடுக்காமலே வேலையை விட்டுவிடும்.

சாதாரண நாளாயிருந்தால் 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருக்கலாம். ஆனால் அம்மா ஒரு பிரார்த்தனையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொல்லிமலை அறப்பளீசுவரருக்கு அர்ச்சனை செய்வதாக எப்போதோ வேண்டிக்கொண்டது. எழுபத்தாறு வயதில் அவளுக்கு மலை ஏறிச் சாமி பார்க்க வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து மேலே போவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு என்ஜின் போதும். இறங்குவதற்கு?

மறுநாளே எங்கள் மெக்கானிக் பாயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார். இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றி, பேட்களை எடுத்துப் பழைய தினசரி ஒன்றின் மேல் வரிசையாக வைத்தார். நாலு பேட்கள். மூன்று கிட்டத்தட்ட ஒரே கனத்தில் இருந்தன. இடது சக்கரத்தின் உட்பக்கத்து பேட் மட்டும் கடலை மிட்டாய்க் காகிதம் போல மெலிந்து, அடித்தகடு தெரிந்தது.

"ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்தானே பாய்? இவன் மட்டும் ஏன் இப்படி?" என்றேன்.

பதில் சொல்லாமல் ஒரு சிறு கம்பியை என் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம், பென்சில் கனம். அதன் மேல் கறுப்பாக ஏதோ பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. கம்பியை மூடியிருந்த ரப்பர் உறை ஊதிப்போய்க் கிழிந்திருந்தது.

"இந்தப் பின் நகரல சார். அதான் எல்லா வேலையையும் அவன் தலையில போட்டிருச்சு."

விஷயம் இதுதான். பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பர் என்ற கொறடுக்கு, என்னுடையதைப் போன்ற வண்டிகளில், உட்பக்கம் மட்டுமே பிஸ்டன் உண்டு. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உட்பக்கத்து பேட்டைத் தள்ளுகிறது. அது டிஸ்கில் போய் முட்டியதும் காலிப்பர் முழுவதும் இந்த இரண்டு பின்களின் மேல் பின்னோக்கி வழுக்கி, வெளிப்பக்கத்து பேட்டை இழுத்து வந்து அமுக்குகிறது. காலை எடுத்ததும் எல்லாம் தளர்ந்துவிடும். பின் வழுக்காவிட்டால், உட்பக்கத்து பேட் ஒன்றே ஒண்டியாக உழைக்கும். காலை எடுத்த பிறகும் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றினார்கள். பெரிய இடம். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காப்பியெல்லாம் கொடுத்தார்கள். நல்ல பேட்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பின்களுக்கு, கதவுக் கீலுக்கும் போடுகிற சாதாரண கிரீஸைத் தடவி அனுப்பிவிட்டார்கள். பிரேக்கில் இருக்கிற ரப்பர் மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் இவற்றோடு சேராத ஜாதி. பட்டால் ஊதிப் போகும். அதற்கென்று சூடு தாங்குகிற சிலிக்கோன் கிரீஸ் தனியாக இருக்கிறது. சின்ன டப்பாதான். அந்தக் கண்ணாடி அறையில் நான் குடித்த இரண்டு கப் காப்பியின் விலைகூட அந்த இரண்டு பின்களுக்கு வேண்டிய கிரீஸுக்கு ஆகியிராது.

பாய் ஒரு சீட்டில் சாமான்களை எழுதிக் கொடுத்தார். முன் பேட் ஒரு செட். கிளிப் செட். பின்னுக்கு ரப்பர் உறை நாலு. மேற்படி பின் ஒன்று. பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் செட். பிரேக் கிரீஸ். பிரேக் ஆயில், சீல் உடைக்காத டப்பா. சீட்டின் அடியில், 'கிளிப் இல்லேன்னா வேற கடை' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்.

பின் சக்கரங்களில் இருப்பது டிஸ்க் அல்ல, டிரம். அதாவது ஒரு இரும்புச் சட்டிக்குள் இரண்டு பிறை வடிவ ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்துகிற ஏற்பாடு. அதையும் பாய் திறந்து பார்த்தார். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விரலால் தூக்கி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். ஈரமிருந்தால் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். ஆயிலில் நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். என் அதிர்ஷ்டம், உலர்ந்தே இருந்தது. லைனிங்கிலும் பாதிக்கு மேல் பாக்கி. "இது இருக்கட்டும் சார், ஸ்பிரிங் மட்டும் மாத்துவோம். சூடு பட்டுப் பட்டு இழுவிசை போயிருச்சு" என்றார்.

செய்ய வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கும், மருந்து வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டாக்டரும் கிடைப்பது பூர்வ ஜன்ம புண்ணியம்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிற அந்தத் தெருவைச் சென்னைவாசிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கார் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தெருவின் இரு பக்கமும் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். இந்தக் கடையில் கண்ணாடி, அந்தக் கடையில் சீட் உறை, அதற்கடுத்தாற்போல் விளக்கு. பழைய சாமான் வேண்டுமென்றால் கூவத்துக்குப் பக்கத்தில் புதுப்பேட்டை இருக்கிறது. கதவு, பம்பர் போன்றவற்றுக்கு அது நல்ல இடம். பிரேக் பேட்டை மட்டும் அங்கே தேட வேண்டாம் என்பது பாயின் கட்டளை.

கடைப் பையன் மேஜைமேல் மூன்று பெட்டிகளை வைத்தான்.

"இது 450, இது 900, இது 1,400. எதைப் போடட்டும் சார்?"

புடவைக் கடையில் கேட்கிற மாதிரியே கேட்டான். புடவையாயிருந்தால் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம், பக்கத்திலிருக்கிற அம்மாளை அபிப்பிராயம் கேட்கலாம். மூன்று பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரிக் கறுப்புக் கட்டை. எதைப் பார்த்து வாங்குவது?

கறுப்புக் கட்டை என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1888ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், அவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். உலகத்தில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் காரில் போனதில்லை. இறக்கங்களில் மரக் கட்டை பிரேக் தேய்ந்து போயிற்று. அந்த அம்மாள் என்ன செய்தார்? வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் நிறுத்தி, கட்டைமேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங் என்ற சாமான் பிறந்தது அப்படித்தான் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக்கில் மாட்டி மலை இறங்குவதைக் கவனித்தார். அதிலிருந்து யோசித்து உராய்வுப் பொருள் செய்வதையே தொழிலாக்கி, 1897ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பிற்காலத்தில் ஃபெரோடோ என்று பெயர் பெற்றது அதுதான்.

தோலுக்குப் பிறகு கல்நார் வந்து வெகுகாலம் ஆண்டது. சூட்டுக்கு அசையாது, விலையும் குறைவு. ஆனால் அதன் தூசு நுரையீரலில் புகுந்து புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு பல தேசங்கள் அதைத் தள்ளி வைத்தன. இப்போது நல்ல கம்பெனிகள் பெட்டியிலேயே 'கல்நார் இல்லாதது' என்று அச்சிடுகின்றன. நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான். அதை நான் முகர்ந்து பார்க்கப் போவதில்லை. பாய் முகர்வார். டிரம்மைத் திறக்கும்போது பறக்கிற தூசை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கிற வழக்கம் அவருக்கு இருக்கிறது. அவருடைய குருவுக்கு இருக்கவில்லையாம். கடைசிக் காலத்தில் இருமியே போனார் என்று ஒரு நாள் சொன்னார். காரணம் இன்னது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம், அதிகபட்ச விலை. இவை இருக்க வேண்டும் என்பது சட்டம். போலிச் சரக்குக்காரர்கள் பெயரைக் கடன் வாங்குவார்களே தவிர விலாசத்தில் தடுமாறுவார்கள். எழுத்துப் பிழை இருந்தால் நிச்சயம் சந்தேகப்படலாம். இந்த ஒரு விஷயத்தில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது! சில பேட்களின் விளிம்பில் 'எஃப் எஃப்' என்றோ 'ஜி ஜி' என்றோ இரண்டு எழுத்துக்கள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகக் காய்ந்த பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. 'எஃப்' என்றால் உராய்வுக் குணகம் 0.35க்கும் 0.45க்கும் இடையே. 'ஈ' அதற்குக் கீழே, 'ஜி' அதற்கு மேலே. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கியிருந்தால், சூடேறியதும் பிடி தளரும் என்று அர்த்தம். எழுபது வளைவு இறங்கப் போகிறவன் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை.

450 ரூபாய்ப் பெட்டியில் விலாசமும் இல்லை, எழுத்தும் இல்லை. அதைத் தள்ளி வைத்தேன். மற்ற இரண்டும் பெயர் பெற்ற கம்பெனிகள்தாம். அந்தத் தொழில் நமக்குத் தூரத்துச் சொந்தமும் அல்ல. ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இருக்கிற பாடியில்தான் பிரேக்ஸ் இந்தியா 1962ல் ஆரம்பமாயிற்று. 1974ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அங்கேயே வந்தது. 900க்கும் 1,400க்கும் நடுவே நான் ஊசலாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இளைஞன் வந்தான்.

வாடகைக் கார் ஓட்டுகிறவன். கையில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து மேஜைமேல் 'டங்' என்று வைத்தான்.

"அண்ணே, இதே மாதிரி ரெண்டு டிஸ்க் வேணும். பேட் ஒரு பக்கத்துக்கு மட்டும் போதும். குறைஞ்ச விலையில கொடுங்க. காலையில நாலு மணிக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கு."

உள்ளே நாற்காலியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கடைப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பேட் ஒரு பக்கத்துக்கா? ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு போட்டா, பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் தம்பி. நாலும் சேர்ந்தாத்தான் ஒரு செட்."

"காசு இல்லைண்ணே. டிஸ்க் மாத்தியே ஆகணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அதுக்கே கையில இருக்கிறது சரியாப் போயிரும்."

பெரியவர் எழுந்து வந்தார். டிஸ்கை வெளிச்சத்தில் திருப்பி, அதன் ஓரத்தில் பொறித்திருந்த எழுத்தை அவனுக்குக் காட்டினார். ஒவ்வொரு டிஸ்கிலும் அது எந்தக் கனம் வரை தேயலாம் என்பதை வார்க்கும்போதே பொறித்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே போனால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும். மேஜை டிராயரிலிருந்து வெர்னியரை எடுத்து மூன்று நாலு இடத்தில் அளந்தார். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல பாக்கி இருக்கு. கோடும் ஆழமா விழல. இதைத் தூக்கிப் போடச் சொன்னது யாரு?"

இளைஞன் பதில் சொல்லவில்லை.

"இன்னொன்னையும் கழட்டி அளந்து பாரு. அதுவும் இப்படி இருந்தா மாத்தாதே. அந்தக் காசில நல்ல பேட் ஒரு செட் போடு. கிளிப் செட் போடு. பின்னு ரெண்டையும் கழட்டித் துடைச்சு கிரீஸ் வை. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குன்னியே, பின்னு பிடிச்சிருக்கும். அதைப் பார்க்காம பேட் மட்டும் போட்டா ஆறு மாசத்தில திரும்ப வந்து நிப்பே."

"கிளிப் பழசே இருக்கே அண்ணே?"

பெரியவர் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பளபளவென்று வளைத்த எஃகுத் தகடுகள், குழந்தையின் தலைக்குக் குத்துகிற ஹேர்பின் மாதிரி. பேட்டின் இரண்டு காதுகளும் இதன் மேல்தான் வழுக்குகின்றன. இது பேட்டை ஆடாமல் பிடிக்கவும் வேண்டும், தடையில்லாமல் நகர விடவும் வேண்டும். துருப்பிடித்து, சூட்டில் வளைந்துபோனால் இரண்டு காரியமும் கெட்டுவிடும்.

"டிஸ்க்ல ஆயிரக்கணக்கில செலவு பண்ண வந்தே. இது நூத்தைம்பது ரூபா. இதுக்கு யோசிக்கிறியே?" என்று சிரித்தார்.

அந்த இளைஞன் கொண்டு வந்த பணத்தில் பாதிக்கு மேல் சட்டைப் பைக்குத் திரும்பிப் போயிற்று. 900 ரூபாய் பேட், கிளிப், கிரீஸ். கோணிப்பையில் டிஸ்கைப் போட்டுக்கொண்டு போகும்போது, பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டதற்குக் கிடைத்த கும்பிடு.

மறுநாள் காலை நாலு மணிக்கு அந்த வண்டியில் ஏறியவர் யாரோ, எனக்குத் தெரியாது. பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். டிரைவரின் பெயரையும் வண்டியின் எண்ணையும் அவர் சரிபார்த்திருக்கலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கிழவர் வெர்னியர் வைத்து அளந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நாம் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் பின்னால் இப்படி ஒருவர் இருக்கிறார், அல்லது இல்லை. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. டிக்கெட் ஒரே விலைதான்.

பிறகு நானும் 900 ரூபாய்ப் பெட்டியையே எடுத்தேன். அதன் விளிம்பில் இரண்டு எழுத்தும் ஒன்றாகவே இருந்தன. மிச்சப்பட்ட பணத்தில் பாயின் சீட்டிலிருந்த சில்லறைச் சாமான் முழுவதும் வாங்கியாயிற்று.

பிரேக் ஆயில் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆயில் என்று சொல்லுகிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 3' என்ற தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். 'டாட் 4' என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் என்ன? திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் காலால் மிதித்த பலம் குழாய் வழியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால் பெடல் பஞ்சு மூட்டை மாதிரி கீழே போகும், வண்டி தன்பாட்டில் போகும். ஆகையால் திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருக்கிற ஆயில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கக்கூடாது. வண்டியின் ஆயில் மூடியில் எழுதியிருக்கிற தரத்துக்குக் குறையவும் கூடாது. சிலிக்கோன் வகையான 'டாட் 5' என்பது வேறு ஜாதி. எண் பெரிதாயிருக்கிறதே என்று அதை வாங்கி மற்றதோடு கலக்கக்கூடாது.

பட்டறைக்குத் திரும்பியதும் பாய் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். கிளிப்பைக் கண்டதும் முகத்தில் ஒரு திருப்தி. அரை நாள் வேலை நடந்தது. அதில் பேட் மாட்டிய நேரம் பத்து நிமிஷம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் கிளிப் உட்காருகிற இடத்தில் துருவைச் சுரண்டினார், பின் போகிற துளையைத் துடைத்தார், காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டிவைத்தார். டீ நிறத்தில் இருந்த பழைய ஆயிலை வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் காற்று எடுத்தார். அவருடைய பேரன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, "அமுக்கு... பிடி... விடு..." என்று இவர் கீழேயிருந்து தாளம் போட்டார். கடைசியில் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகிற வரை பல தடவை மிதிக்கச் சொன்னார். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புது பேட் போட்டிருப்பதால், முதல் சில மிதிகள் வெறும் இடைவெளியை நிரப்பத்தான் போகும். அதை மறந்து தெருவுக்கு ஓட்டிவந்து, முதல் மிதியிலேயே வண்டி நிற்காமல் சுவரில் மோதினவர்கள் உண்டாம்.

"இருநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பழக்குங்க சார். அப்புறம் மலைக்குப் போங்க."

அப்படியே செய்துவிட்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். சேலம், ராசிபுரம் வழியாகக் காரவள்ளி. ஏறும்போது அம்மா வளைவுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. சுவாமி தரிசனம் நன்றாக ஆயிற்று. அர்ச்சனைத் தட்டில் வைத்த தேங்காய் சரிபாதியாக உடைந்ததில் அம்மாவுக்குப் பரம திருப்தி.

இறங்கும்போது என் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆளும் சாமானுமாக ஆயிரம் கிலோ வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதைப் பிரேக் போட்டு ஒரு தடவை நிறுத்தினால், அதில் பிறக்கிற சூடு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதே வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்? 33 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். ஒரு சிறிய கல்யாணத்துக்குக் காப்பி போட்டுவிடலாம்! அத்தனை சூட்டையும் நாலு பேட்களின் தலையில் கட்டுவது தர்மமல்ல. ஏறின கியரிலேயே இறங்கினால் என்ஜின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கியரில், வளைவுக்கு முன் ஒரு அழுத்து, வளைவில் விடுதலை, மறுபடி ஒரு அழுத்து என்று இறங்கினேன். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பெடல் போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றது. வண்டி இடது பக்கமும் இழுக்கவில்லை, வலது பக்கமும் இழுக்கவில்லை.

இருபதாவது வளைவுக்கு மேல் பக்கத்து இருக்கையில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தியபோதுதான் விழித்தாள்.

"ஏண்டா, எப்போ இறங்கப் போறோம்?" என்றாள்.

"இறங்கியாச்சு அம்மா."

"அப்படியா?" என்று மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புண்ணியம் முழுவதும் அறப்பளீசுவரருக்குப் போயிற்று. போகட்டும். கிளிப்புக்கும் பின்னுக்கும் யார் அர்ச்சனை செய்யப் போகிறார்கள்?

சென்னைக்கு வந்ததும் பட்டறைப் பக்கம் போய்ப் பாயிடம் கொஞ்சம் பிரசாத வாழைப்பழம் கொடுத்தேன். கொல்லிமலை எப்படி, குளிர் உண்டா, கூட்டம் உண்டா என்று எதையும் அவர் கேட்கவில்லை.

"பெடல் எப்படி இருந்துச்சு சார்?"

"முதல் வளைவில் எப்படி இருந்ததோ, எழுபதாவது வளைவிலும் அப்படியே இருந்தது பாய்."

தலையை ஒரு தடவை ஆட்டினார். பழத்தைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, அங்கே தூக்கி நிறுத்தியிருந்த வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.